காலுக்குக் கீழே இருந்ததை விற்ற அரண்மனை

கிளாஸ்கோ நகரிலிருந்து எம்74 நெடுஞ்சாலையில் தெற்கே போனால் சிறிது நேரத்தில் ஹாமில்டன் ஊர் வந்துவிடும். சாலையோரத் தட்டை நிலத்தில் குவிமாடத்தோடு ஒரு பெரிய கல் கட்டடம் தனியாக நிற்பது கண்ணில் படும். அது ஒரு கல்லறை மாளிகை. அதைக் கட்டிய குடும்பம் அதன் அருகிலேயே வாழ்ந்த வீட்டை இப்போது தேடினால் கிடைக்காது. அது இருந்த இடத்தில் விளையாட்டு மைதானமும் கடைகளும் இருக்கின்றன. அரச குடும்பத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளில் பிரிட்டனிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று பேர் வாங்கிய ஹாமில்டன் பேலஸ் அங்கேதான் நின்றது. 1920களில் அதை முழுசாக இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஏன் இடித்தார்கள் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்: நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் தரை இறங்கியது, கட்டடம் ஆபத்தானது, இடித்தார்கள். இந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டால் ஏதோ பூகம்பம் வந்தது போலத் தோன்றும். அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தது அந்த வீட்டின் சொத்தை நிர்வகித்தவர்களேதான். அவர்கள் ஏன் அந்த நிலைக்கு வந்தார்கள் என்பதுதான் உண்மையான கதை. அதற்கு இருநூற்று ஐம்பது ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

ஹாமில்டன் குடும்பம் ஸ்காட்லாந்தின் முதன்மை டியூக் குடும்பம். 1643இல் பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்ததான டியூக் பட்டம் கிடைத்தது. எடின்பரோவில் உள்ள ஹோலிரூட் அரண்மனைக்கு இவர்கள்தான் பரம்பரைக் காவலர்கள். முதல் டியூக் மன்னர் முதலாம் சார்லஸின் பக்கம் நின்றதற்காக 1649இல் தலை வெட்டப்பட்டார். அவர் தம்பி, இரண்டாம் டியூக், 1651இல் வூஸ்டர் போரில் காயம்பட்டு இறந்தார். ஆண் வாரிசு இல்லை. பட்டமும், மன்னராட்சியை வீழ்த்தி வந்த கிராம்வெல் ஆட்சி பறிமுதல் செய்துவிட்ட நிலங்களும், மலையளவு கடனும் முதல் டியூக்கின் மகள் ஆன் தலையில் வந்து விழுந்தன. அப்போது அவருக்கு வயது 19.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இந்த டச்சஸ் (டியூக் பட்டத்தின் பெண்பால்) ஆன்தான். 1656இல் வில்லியம் டக்ளஸை மணந்து, நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு, கடனை அடைத்து, கையில் காசு சேர்ந்த பிறகே வீட்டில் கை வைத்தார். 1684இல் தொடங்கிய வேலைக்கு ஜேம்ஸ் ஸ்மித் கட்டடக் கலைஞர். பழைய வீட்டைப் பெரிதும் மாற்றி, தெற்கு நோக்கிய முற்றத்தோடும், நடுவில் உயரமான தூண்களோடும் புது அரண்மனை எழுந்தது. 1694இல் கணவர் இறந்த பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. ஊருக்கும் நிறையச் செய்தார். அவருடைய செயலாளர் டேவிட் கிராஃபோர்டுக்காக 1696இல் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. ஹாமில்டன் ஊரின் மிகப் பழைய கட்டடம் அதுதான், இப்போது லோ பார்க்ஸ் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. எசமானியின் அரண்மனை போய்விட்டது, கணக்கு எழுதியவரின் வீடு இருக்கிறது.

அடுத்த தலைமுறைகளில் சொல்ல வேண்டியவர் ஐந்தாம் டியூக். அரண்மனைக்குத் தெற்கே மேட்டின் மேல் 1730களில் வில்லியம் ஆடம் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஒரு வேட்டை மாளிகை கட்டினார். பெயர் ஷாட்டெல்லரோ. பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்துக்கு பிரான்சில் கிடைத்த ஒரு டியூக் பட்டத்தின் நினைவாக வைத்த பெயர் அது. டியூக் அதை "நாய்க் கொட்டடி" என்றே குறிப்பிடுவாராம். வேட்டை நாய்களுக்கும் அங்கே இடம் இருந்தது உண்மைதான். ஆனால் அதன் முக்கிய வேலை, அரண்மனை ஜன்னலிலிருந்து பார்த்தால் நீண்ட மரச்சாலையின் கோடியில் அழகாகத் தெரிவது. அரண்மனைக்காகக் கட்டிய அந்தக் காட்சி இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்க அரண்மனைதான் இல்லை.

இனி பத்தாம் டியூக் அலெக்ஸாண்டர். 1767இல் பிறந்தவர், இளமையில் நெடுங்காலம் இத்தாலியில் இருந்தவர், 1806இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிற்குத் தூதராகப் போனவர். ஓவியம், சிலை, கையெழுத்துப் பிரதி, மரச்சாமான் எதுவானாலும் கண்ணில் பட்டதை வாங்கிச் சேர்த்தார். பிரிட்டன் நெப்போலியனோடு போரில் இருந்த நேரத்திலேயே, ஜாக்-லூயி டாவிட் என்ற பிரெஞ்சு ஓவியரிடம் நெப்போலியனின் முழு உருவப் படத்தை வரையச் சொல்லி வாங்கினார். நெப்போலியன் சட்டைக்குள் கை நுழைத்து, விடியும்வரை எரிந்த மெழுகுவத்தியின் பக்கத்தில் நிற்கும் அந்த 1812ஆம் ஆண்டுப் படம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

1810இல் அவர் சூசன் பெக்ஃபர்டை மணந்தார். அவள் தந்தை வில்லியம் பெக்ஃபர்ட், இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், தேர்ந்த நூல் சேகரிப்பாளர். அந்தப் பணம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. பெக்ஃபர்டின் நூலகமும் அரிய பொருட்கள் பலவும் பிறகு ஹாமில்டன் பேலஸ் வந்து சேர்ந்தன. அரண்மனை வரலாற்றை எழுதும்போது இதை ஒரு கல்யாணச் செய்தியாக மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அந்த அறைகளில் இருந்த பளபளப்பில் ஒரு பங்குக்கு விலை கொடுத்தவர்கள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

வாங்கிக் குவித்ததை வைக்க இடம் வேண்டுமே. 1820களில் வடக்குப் பக்கம் புதிதாக எழுந்தது. கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் டேவிட் ஹாமில்டன் வடிவமைத்தார் (பெயர் ஒன்றுதான், டியூக் குடும்பத்தவர் அல்ல). நேப்பிள்ஸ் நகரக் கலைஞர் ஒருவரின் வரைபடங்களும் அதற்கு உதவின. புது முகப்பின் நீளம் 264 அடி, உயரம் 60 அடி. வாசல் மண்டபத் தூண்கள் ஒவ்வொன்றும் 25 அடி உயர ஒற்றைக் கல். உள்ளே கறுப்புப் பளிங்கில் பெரிய மாடிப்படி. அந்தக் காலத்தில் அரண்மனையை ஒட்டியே நெருக்கமாக வீடுகளோடு பழைய ஊர் இருந்தது. டியூக்கின் பூங்கா விரிய விரிய ஊர் மேட்டுப் பக்கம் தள்ளிப் போனது.

இந்தச் செலவெல்லாம் எங்கிருந்து வந்தது? நில வாடகை ஒரு பகுதி. ஆனால் ஹாமில்டன் ஊர் இருக்கும் லானார்க்‌ஷயர் மண்ணுக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் நிலத்தின் சொந்தக்காரருக்கு அதன் அடியில் உள்ள நிலக்கரியும் சொந்தம். தானே தோண்ட வேண்டியதில்லை. சுரங்கக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டால் வெளியே வரும் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு என்று ராயல்டி கிடைக்கும். 1828இல் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் பியூமான்ட் நீல்சன் என்பவர், உலைக்குள் சூடான காற்றைச் செலுத்தி இரும்பு உருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த முறையில் இந்தப் பகுதியின் 'ஸ்பிளின்ட்' நிலக்கரியைக் கோக் (முன்கூட்டியே சுட்டுப் பக்குவப்படுத்திய கரி) ஆக்காமல் அப்படியே உலையில் போடலாம். அதன்பின் லானார்க்‌ஷயர் முழுக்க இரும்பு உலைகளும் சுரங்கங்களும் முளைத்தன. டியூக்குகள் மண்வெட்டியைத் தொடாமலே பணம் பெருகியது.

பத்தாம் டியூக் தன் சாவுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார். 1842இல் தொடங்கிய கல்லறை மாளிகை அவர் 1852இல் இறந்தபோதும் முடியவில்லை. டேவிட் பிரைஸ் என்ற கலைஞர் அதை முடித்தார். உயரம் ஏறத்தாழ 123 அடி. வெண்கலக் கதவுகள் ஃபிளாரன்ஸ் நகர ஞானஸ்நானக் கூடத்தின் புகழ்பெற்ற கதவுகளைப் பார்த்துச் செய்தவை. வெளியே இரண்டு கல் சிங்கங்கள், ஒன்று தூங்குகிறது, ஒன்று விழித்திருக்கிறது. உள்ளே ஒரு சத்தம் எழுந்தால் அடங்க 15 விநாடி ஆகும். வழிபாட்டுக்கென்று கட்டிய கூடத்தில் அந்த எதிரொலியாலேயே வழிபாடு நடத்த முடியாமல் போனது என்பார்கள். டியூக்கின் உடலை எகிப்திய முறையில் பதப்படுத்தியவர் தாமஸ் பெட்டிக்ரூ என்ற அறுவை மருத்துவர். பதப்படுத்திய உடலை ஒரு பழைய எகிப்தியக் கல்பேழைக்குள் வைத்தார்கள். அவர் சேகரித்த இன்னொரு கல்பேழை கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, சரிவு எப்போது தொடங்கியது? நிலம் இறங்குவதற்கு வெகு காலம் முன்பே.

பன்னிரண்டாம் டியூக் 1845இல் பிறந்தவர். குதிரைப் பந்தயம்தான் அவர் உலகம். அவருடைய குதிரை கார்டால்வின் 1867இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. அந்த ஒரு வெற்றிக்கு முன்னும் பின்னும் கடன் ஏறிக்கொண்டே போனது. 1882 கோடையில் அரண்மனையின் கலைப் பொருட்களை லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டார்கள். 17 நாள் ஏலம். 2,213 தொகுதிகள். கிடைத்தது 3,97,562 பவுண்டு. பிரெஞ்சு அரசி மாரி ஆன்துவானெத்துக்காக ரீஸ்னர் என்ற மரவேலைக் கலைஞர் செய்த மரச்சாமான்கள் போனது அப்போதுதான், அவற்றில் சில இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நெப்போலியன் படத்தை ரோஸ்பெரி பிரபு வாங்கினார். பெக்ஃபர்ட் நூலகம் தனியாக ஏலம் போனது. கையெழுத்துப் பிரதிகளை பெர்லின் அருங்காட்சியகங்களுக்காகப் பிரஷ்ய அரசு மொத்தமாக வாங்கிக்கொண்டது. தாந்தேயின் காவியத்துக்கு போட்டிசெல்லி வரைந்த ஓவியங்கள் அதில் இருந்தன. ரூபென்ஸ் வரைந்த 'சிங்கக் குகையில் டேனியல்' படம் விலைபோய், சில ஆண்டுகளில் மறுபடி டியூக்கே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தச் செயலில் கொஞ்சம் வருத்தம் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் கணிப்பில் ஹாமில்டன் பேலஸின் முடிவு இங்கேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த வடக்குப் பக்கம் முழுக்க ஒரு சேகரிப்பைக் காட்டுவதற்காகவே கட்டியது. சேகரிப்பு போன பிறகு மிஞ்சியது சூடேற்றவும் பெருக்கவும் கூரை பார்க்கவும் பெரும் செலவு வைக்கும் ஒரு கல் கூடு.

1895இல் பன்னிரண்டாம் டியூக் இறந்தார். மகன் இல்லை. டியூக் பட்டம் தூரத்து உறவினரான கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் டக்ளஸ்-ஹாமில்டனுக்குப் போனது. குடும்பத்துக்குச் சொந்தமான அரன் தீவும் அங்கிருந்த பிராடிக் கோட்டையும் ஒரே மகள் மேரிக்குப் போயின. ஹாமில்டன் நிலங்களும் கடன்களும் அறங்காவலர்கள் கையில். பட்டம் ஓரிடம், நிலம் ஓரிடம், பண முடிவு வேறோரிடம். புது டியூக்கின் குடும்பம் அரண்மனையில் தங்கி வாழவில்லை. டங்கேவல் என்ற சிறிய வேட்டை வீடும் இங்கிலாந்தின் தெற்கில் இருந்த வீடும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன. (1941இல் நாஜிக் கட்சியில் ஹிட்லரின் துணைத் தலைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ் விமானத்தில் தேடி வந்தது இந்த டங்கேவலைத்தான். அவர் பார்க்க நினைத்தது பதினான்காம் டியூக்கை.)

முதல் உலகப் போரில் அரண்மனை கடற்படை மருத்துவமனையாக இயங்கியது. அதே போர்க் காலத்தில்தான் அரண்மனைக்கும் அதைச் சுற்றிய பூங்காவுக்கும் அடியில் இருக்கும் நிலக்கரியை எடுக்க அறங்காவலர்கள் இசைந்தார்கள். அதுவரை எத்தனையோ இடங்களில் தோண்டியும், வீட்டுக்கு நேர் கீழே இருந்ததைத் தொடாமல் வைத்திருந்தார்கள்.

இதன் பொருள் புரிய அந்தக் காலத்துச் சுரங்க வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் நிலக்கரிப் படுகையில் அறை அறையாக வெட்டுவார்கள். மேற்கூரையைத் தாங்க அறைகளுக்கு நடுவே நிலக்கரியையே தூணாக விட்டுவைப்பார்கள். அந்தத் தூணை ஸ்காட்லாந்துச் சுரங்கக்காரர்கள் 'ஸ்டூப்' என்பார்கள். இந்த அளவோடு நிறுத்தினால் மேலே உள்ள வீடு பெரும்பாலும் தப்பும். ஆனால் நிலக்கரியில் பெரும் பங்கு அந்தத் தூண்களிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டாம் சுற்றில், கோடியிலிருந்து பின்வாங்கிக்கொண்டே தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். அப்போது கூரை விழும், அதற்கு மேலுள்ள பாறை அடுக்குகள் வளையும், தரை இறங்கும். ஒரே சீராக இறங்கினாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னுமாக இறங்குவதால்தான் சுவர் பிளக்கிறது. 264 அடி நீளக் கல் முகப்பு அதைத் தாங்காது. கையெழுத்து போட்டவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. லானார்க்‌ஷயரில் அப்போது வெடித்த சுவரையும் சாய்ந்த புகைபோக்கியையும் பார்க்காத ஊர் இல்லை.

அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. கடனை அடைக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. 1894 முதல் வாரிசு வரி வேறு பெரிய எஸ்டேட்டுகளை நெருக்கியது. யாரும் குடியிருக்காத வீடு செலவு வைத்தது, அதன் அடியிலிருந்த நிலக்கரி வரவு தந்தது. கணக்குப் புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் விடை ஒன்றுதான் வரும். தடுக்கச் சட்டமும் இல்லை. ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளை தோன்றியதே 1931இல். கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முறை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. இந்த வீட்டுக்கு இரண்டுமே காலம் கடந்த உதவி.

1919 நவம்பரில் மிச்சமிருந்த பொருட்களையும் கிறிஸ்டீஸ் விற்றது. ரூபென்ஸின் டேனியல் இந்த முறை திரும்பி வரவில்லை, அதுவும் இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. அப்புறம் வீட்டையே பிரித்து விற்றார்கள். அறைகளின் மரப் பலகைச் சுவர்கள், கதவுகள், கணப்படுப்பு முகப்புகள் கப்பலேறின. டச்சஸ் ஆன் காலத்து விருந்தறை ஒன்றின் செதுக்கு வேலை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் பல அறைகளை வாங்கினார், அவற்றில் பல பெட்டியைப் பிரிக்காமலே கிடங்கில் கிடந்தன. ஓர் அறையின் பலகைகள் 1990களில் நியூயார்க்கிலிருந்து எடின்பரோ தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. 1921இல் கல்லறை மாளிகையில் இருந்தவர்களை ஊர் இடுகாட்டுக்கு மாற்றினார்கள். நிலம் இறங்கியது மட்டுமல்ல, கிளைடு ஆற்று வெள்ளமும் அந்த நிலவறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. பத்தாம் டியூக் தன் கல்பேழையோடேயே மண்ணுக்குள் போனார்.

பொதுவாக இந்தக் கதையை இத்துடன் முடித்துவிடுகிறார்கள். இன்னொரு 'பேலஸ்' பாக்கி இருக்கிறது.

கிளைடு ஆற்றின் மறுகரையில் பாத்வெல்ஹா என்ற இடம். 1570இல் ஸ்காட்லாந்தின் ஆட்சிப் பொறுப்பாளர் மரே பிரபுவைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்ற ஜேம்ஸ் ஹாமில்டன் இந்த ஊர்க்காரர்தான். 1880களில் பென்ட் கோலியரி கம்பெனி அங்கே ஒரு சுரங்கம் தோண்டியது. அதன் பெயர் ஹாமில்டன் பேலஸ் கோலியரி. தொழிலாளர்களுக்காகச் சுரங்கத்தின் அருகே வரிசை வரிசையாக நானூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். பள்ளி, கடை, கால்பந்து எல்லாம் அங்கேயே. அந்தக் கிராமத்தை அதில் வாழ்ந்தவர்கள் சொல்லும் பெயர் 'த பேலிஸ்', ஸ்காட்டிஷ் பேச்சு வழக்கில் அரண்மனை. சுரங்க வேலை எப்படிப்பட்டது என்பதற்கு அந்த வட்டாரத்தில் சான்று தேட வேண்டியதில்லை. அருகிலுள்ள பிளான்டையரில் 1877 அக்டோபர் 22 அன்று ஒரே வெடிப்பில் 200க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஹாமில்டனையே சேர்ந்த அட்ஸ்டன் சுரங்கத்தில் 1887 மே மாதம் 73 பேர்.

நிலக்கரி ராயல்டி 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுடைமையானது, நிலச் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. சுரங்கங்கள் 1947இல் அரசுடைமையாயின. பேலஸ் கோலியரி 1959இல் மூடியது. வேலை போன பின் கிராமமும் போனது. 1960களின் நடுவில் மக்களை வேறு குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டு வீடுகளை இடித்தார்கள். பிறகு ஆற்றின் போக்கை மாற்றி ஏரி வெட்டியபோது கிராமம் இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. அதுதான் இன்றைய ஸ்டிராத்கிளைடு ஏரி, 1986 காமன்வெல்த் போட்டிகளின் படகோட்டம் நடந்த இடம். ஏரி வெட்டும் முன் அங்கே ஒரு ரோமானியக் குளியலறை கிடைத்தது. அதன் கற்களை மேட்டில் கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றினார்கள். நல்ல காரியம். ஆனால் அதே நிலத்தில் எண்பது ஆண்டு மனிதர்கள் வாழ்ந்த வீடுகளில் ஒரு வரிசையைக்கூட யாரும் வைத்துக்கொள்ள நினைக்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இழந்த ஸ்காட்டிஷ் மாளிகைகளைப் பற்றிய பேச்சில் ஹாமில்டன் பேலஸுக்கு எப்போதும் முதல் வரிசை. பழைய புகைப்படங்களையும் ஏலப் பட்டியல்களையும் வைத்து அதன் அறைகளைக் கணினியில் மறுபடி உருவாக்கும் வேலையும் நடந்திருக்கிறது. எந்த நாற்காலி எந்த ஜன்னலருகே இருந்தது என்பதுவரை சொல்ல முடிகிறது, ஏனென்றால் விற்பதற்காக அவை அத்தனையையும் எழுதி வைத்திருந்தார்கள். 'பேலிஸ்' வீடுகளுக்கு அப்படி ஏலப் பட்டியல் கிடையாது. அங்கே வாழ்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்த்து வைத்த படங்களும் பேச்சும்தான் அதன் ஆவணம். இரண்டையும் ஒரே எஸ்டேட்டின் வரலாறாக, ஒரே புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். மேலே இருந்த வீட்டின் செலவையும், கீழே தோண்டியவர்களின் கூலியையும், நடுவில் போன ராயல்டியையும் பிரித்துப் படித்தால் எதுவுமே விளங்காது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்றும் அங்கே நிறைய இருக்கிறது. பதினான்காம் டியூக் 1973இல் இறந்த பின் வாரிசு வரிக்கு ஈடாக ஷாட்டெல்லரோ பொதுச் சொத்தானது. இடிபாடாகக் கிடந்ததைச் சீர்செய்து 1987இல் திறந்தார்கள். மணல் தோண்டியதாலும் சுரங்கத்தாலும் அந்தக் கட்டடமும் சாய்ந்திருக்கிறது. சாய்வை முழுக்க நிமிர்த்தாமல் விட்டிருப்பதால் சில அறைகளில் தரை ஒரு பக்கம் சரிவது நடக்கும்போதே காலுக்குத் தெரியும். கல்லறை மாளிகையின் வெண்கலக் கதவுகளை உள்ளே வைத்திருக்கிறார்கள், அந்த எதிரொலியைக் கேட்கவும் ஏற்பாடு உண்டு. லோ பார்க்ஸ் அருங்காட்சியகத்தில் அரண்மனையின் குதிரைப் பயிற்சிக் கூடமும் இருக்கிறது. எடின்பரோவுக்குக் கிழக்கே லெனக்ஸ்லவ் என்ற வீட்டை 1946இல் பதினான்காம் டியூக் வாங்கினார், ஏலத்தில் தப்பிய சாமான்களில் ஒரு பகுதி அங்கே உள்ளது.